சர்டிபிகேட்டுக்கு 16,500 டாலர் தகுமா?

(நியூஜெர்சி கிளினிக் ஒன்றில் டாக்டருக்குக் கைகொடுக்கும் மெடிக்கல் அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்து, இப்போது அங்கேயே ஆபீஸ் மேனேஜராக இருக்கும் நம் வாசகி இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கேள்வி: வணக்கம் அக்கா. எடிசனில் இருக்கிறோம். கணவரைச் சார்ந்து வரும் எச்-4 விசாவில் வந்தவள் நான். போன மாதம்தான் இ.ஏ.டி. (வேலை பார்க்க அனுமதிக்கும் அட்டை) கைக்கு வந்தது. ஊரில் பி.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி படித்தேன், வேலைக்குப் போனதில்லை. கணவருக்கு வருடம் 1,30,000 டாலர் சம்பளம். பையனுக்கு நாலு வயது. நான் வேலைக்குப் போனால் டேகேருக்கு மாதம் 1,400 டாலர் ஆகும். பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது மாத மெடிக்கல் அசிஸ்டென்ட் சர்டிபிகேட்டுக்கு 16,500 டாலர் கேட்கிறார்கள். “44,000 சம்பளம் வரும், ஒரே வருடத்தில் போட்டதை எடுத்துவிடலாம்” என்கிறார்கள். கம்யூனிட்டி காலேஜில் 5,000-க்குள் முடியும். ஆனால் மாலை வகுப்பு, ஒரு வருடத்துக்கு மேல் இழுக்கும். எதில் சேரட்டும்?
— பெயர் வேண்டாம், எடிசன்

பதில்: அந்த 44,000 பொய்யில்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை 2024 மே மாதக் கணக்கில் மெடிக்கல் அசிஸ்டென்ட்டுகளின் இடைநிலைச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் இதற்குக் கீழ்) 44,200 டாலர் என்றுதான் போட்டிருக்கிறது. மணிக்கு 21.25. ஆனால் அதில் பத்து, பதினைந்து வருடம் ஒரே டாக்டரிடம் வேலை பார்த்தவர்களும் அடக்கம். புதிதாக வருபவருக்கு எங்கள் கிளினிக்கில் 18.50 தருகிறோம். நீங்கள் கணக்குப் போட வேண்டியது அந்த எண்ணை வைத்துத்தான்.

18.50 என்றால் வருடத்துக்கு 38,480. உங்கள் கணவர் சம்பளத்தோடு சேர்த்து வரி கட்டும்போது நீங்கள் சம்பாதிப்பது ஏறக்குறைய முழுவதும் 22 சதவீத அடுக்கில் போய் உட்காரும். சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் இரண்டுக்கும் 7.65 சதவீதம். மாநில வரியும் போனால் கையில் நிற்பது சுமார் 25,000. அதில் டேகேருக்கு 16,800 கொடுத்துவிட்டால் மிச்சம் எட்டாயிரம் சொச்சம். பெட்ரோல், இரண்டாவது கார் இன்ஷூரன்ஸ் எல்லாம் இதற்குள்தான். இந்த மிச்சத்தில் 16,500-ஐ எடுக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். பள்ளிக்காரர்கள் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட மாட்டார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சர்டிபிகேட் இல்லாமலே இன்றைக்கு உங்களுக்கு என்ன வேலை கிடைக்கும்? நியூஜெர்சியில் 2025-ல் குறைந்தபட்சக் கூலியே 15.49. கிளினிக் ரிசப்ஷனில் அதைவிடக் கொஞ்சம் கூடவே தருவார்கள். ஆக சர்டிபிகேட் வாங்கித் தருவது 18.50 முழுவதையும் அல்ல, அதிகபட்சம் மணிக்கு மூன்று டாலரைத்தான். வருடத்துக்கு ஆறாயிரம் சொச்சம், அதுவும் வரிக்கு முன்னால். அதற்கு ஐயாயிரம் செலவழிக்கலாம். பதினாறாயிரத்து ஐந்நூறு செலவழிக்க எனக்கு மனசு வராது.

“சீக்கிரம் முடிகிறதே” என்று தோன்றும். உங்கள் விஷயத்தில் சீக்கிரம் முடிப்பதால் லாபம் இல்லை. பையன் கிண்டர்கார்டன் போகும் வரை நீங்கள் சம்பாதிப்பதில் பெரும்பங்கு டேகேருக்குத்தான் போகப் போகிறது. மாலை வகுப்பு என்றால் கணவர் வீட்டுக்கு வந்ததும் நீங்கள் கிளம்பலாம். படிப்பு முடியும்போது பையன் அரசுப் பள்ளியில் இருப்பான், பள்ளி விட்டபின் பார்த்துக்கொள்ளும் ஆஃப்டர்கேர் செலவோடு போய்விடும்.

சரி, எந்தக் கல்லூரியானாலும் முதலில் கேட்க வேண்டியது அங்கீகாரம். சி.ஏ.ஏ.எச்.இ.பி. அல்லது ஏ.பி.எச்.இ.எஸ். அங்கீகாரம் தரும் இந்த இரண்டு அமைப்புகளில் ஒன்றின் அங்கீகாரம் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு இருக்க வேண்டும். கல்லூரிக்கு வேறு ஏதோ அங்கீகாரம் இருக்கிறது என்பார்கள், அது போதாது. மெடிக்கல் அசிஸ்டென்ட்டுக்குச் சான்றிதழ் தரும் சி.எம்.ஏ. தேர்வுக்கு உட்கார இதுதான் வழக்கமான வழி. அமெரிக்காவில் பல மாநிலங்களில் சான்றிதழ் இல்லாமலே இந்த வேலைக்கு எடுப்பார்கள். ஆனால் நியூஜெர்சியில் ஊசி போடுவதை டாக்டர் உங்களிடம் ஒப்படைக்க வேண்டுமென்றால் சான்றிதழ் வேண்டும். ஊசி போட முடியாதவரை எடுத்து நான் என்ன செய்வது? ஃப்ளூ சீசனில் எங்களுக்கு ஒவ்வொரு கையும் வேண்டும்.

அடுத்தது எக்ஸ்டெர்ன்ஷிப், அதாவது கிளினிக்கில் நேரடிப் பயிற்சி. சி.ஏ.ஏ.எச்.இ.பி. படிப்பு என்றால் குறைந்தது 160 மணி நேரம், பெரும்பாலும் சம்பளம் கிடையாது. எந்தக் கிளினிக்குக்கு அனுப்புவீர்கள், நீங்களே இடம் பிடித்துத் தருவீர்களா, நான் தேடிக்கொள்ள வேண்டுமா என்று சேரும் முன்பே கேளுங்கள். நேர்காணலுக்கு வருபவரிடம் நான் அதிகம் பேச மாட்டேன். சட்டைக் கையை மடித்துவிட்டு, பம்ப் அமுக்கும் பழைய பி.பி. கருவியையும் ஸ்டெதஸ்கோப்பையும் கொடுத்து என் ரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்வேன். நல்ல இடத்தில் பயிற்சி எடுத்த பெண் முழங்கை மடிப்பில் விரலை வைத்து நாடியைத் தேடி, அதற்கு மேலே பட்டையைச் சுற்றுவாள். காற்றை மெதுவாக இறக்குவாள். மெஷின் பொத்தானை மட்டும் அமுக்கிப் பழகியவர் பட்டையைத் துணிக்கு மேலேயே சுற்றிவிட்டு, காதில் ஒன்றும் கேட்காமல் 120/80 என்று சொல்லிவிடுவார். என் பி.பி. ஒருநாளும் 120/80 இருந்ததில்லை!

“எங்கள் மாணவர்களில் இத்தனை சதவீதம் பேருக்கு வேலை” என்ற விளம்பரத்தை அப்படியே நம்பாதீர்கள். கொரிந்தியன் காலேஜஸ் என்ற பெரிய நிறுவனம் எவரெஸ்ட், ஹீல்ட் என்ற பெயர்களில் நாடு முழுக்கப் பள்ளிகள் நடத்தியது. மெடிக்கல் அசிஸ்டென்ட் படிப்பு அங்கே முக்கியச் சரக்கு. வேலைவாய்ப்புக் கணக்கைத் தவறாகக் காட்டியதற்காகக் கல்வித்துறை 3 கோடி டாலர் அபராதம் போட்டது. 2015 ஏப்ரலில் கடையை மூடிவிட்டார்கள். அங்கே படித்த 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை அரசு ரத்து செய்ய 2022 ஆகிவிட்டது. காலேஜ் ஸ்கோர்கார்டு என்ற அரசுத் தளத்தில் கல்லூரி பெயரைப் போட்டால், பல இடங்களில் படிப்பு வாரியாக முடித்தவர்கள் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று பார்க்கலாம். பள்ளியின் பளபள பேப்பரைப் புரட்டும் முன்பு அதைப் பாருங்கள்.

பண உதவி பற்றி: எச்-4-ல் இருப்பவருக்கு அமெரிக்க மத்திய அரசின் பெல் கிராண்ட் என்ற படிப்பு உதவித்தொகை, மாணவர் கடன் இரண்டும் கிடையாது. அதனால் அந்தப் பள்ளி தன் சொந்தத் தவணைத் திட்டத்தை நீட்டும். அதில் கையெழுத்துப் போட வேண்டாம். இ.ஏ.டி. தேதியையும் காலண்டரில் குறித்து வையுங்கள். 2025 அக்டோபர் 30 முதல் போடும் புதுப்பிப்பு விண்ணப்பங்களுக்குத் தானாகக் கிடைத்துவந்த நீட்டிப்பு போய்விட்டது. அட்டை தாமதமானால் வேலையை நிறுத்தித்தான் ஆக வேண்டும். மாதத் தவணை நிற்காது.

இதெல்லாம் நீங்கள் கேட்டதற்கு. கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். மைக்ரோபயாலஜி படித்தவர் ஏன் இந்தப் பக்கம் வருகிறீர்கள்? இந்த வேலையின் ஏணி குட்டை. 57,000-ஐத் தாண்டுபவர்கள் பத்தில் ஒருவர்தான். லேப் டெக்னாலஜிஸ்ட், டெக்னீஷியன் வகையறாவின் இடைநிலைச் சம்பளமே 62,000-ஐ ஒட்டி வருகிறது. முதலில் பட்டத்தை மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். லேப் வேலைக்குச் சான்றிதழ் தரும் ஏ.எஸ்.சி.பி. எந்தெந்த நிறுவனங்களின் மதிப்பீட்டை ஏற்கிறது என்று பார்த்து அவற்றில் ஒன்றுக்கே அனுப்புங்கள். நம் மூன்று வருடப் பட்டத்தைச் சிலர் இங்குள்ள நான்கு வருடப் பட்டத்துக்குச் சமம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதற்கும் தயாராக இருங்கள். அப்படியானாலும் இன்னும் எத்தனை பாடம் எழுத வேண்டும் என்பது தெரிந்துவிடும், அதே கம்யூனிட்டி காலேஜில் எழுதலாம். அந்த மதிப்பீட்டுக் கடிதம் கைக்கு வரும்வரை எந்தப் பள்ளிக்கும் ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டாம்.

கேள்வி: மகள் பி.எஸ்ஸி. நர்சிங் கடைசி வருடம். ஆன்லைனில் அமெரிக்க மெடிக்கல் அசிஸ்டென்ட் சர்டிபிகேட் 60,000 ரூபாய்க்குத் தருகிறார்கள், “விசாவுக்கு உதவும்” என்கிறார்கள். சேர்க்கலாமா?
— ஒரு தந்தை, திருச்சி

பதில்: வேண்டாம் ஐயா. எச்-1பி விசாவுக்குப் பட்டப்படிப்பு தேவைப்படும் வேலையாக இருக்க வேண்டும், மெடிக்கல் அசிஸ்டென்ட் அந்த வகையில் வராது. உங்கள் மகள் நர்ஸ். அமெரிக்காவில் நர்ஸின் இடைநிலைச் சம்பளம் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல், 93,600 டாலர். பட்டம் வாங்கியதும் அமெரிக்க நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வுக்குத் தயாராகட்டும், சென்னையிலேயே எழுதலாம். இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசை நீளம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த 60,000-ஐத் தேர்வுச் செலவுக்கு எடுத்து வையுங்கள்.