ஹைரூல் வாரியர்ஸ்: ஜெல்டா ரசிகர் வாங்கலாமா?

நின்டெண்டோவின் ஜெல்டா வீடியோ கேம்கள் பிடிக்கும், கூட்டம் கூட்டமாக எதிரிகளை அடிக்கும் டைனஸ்டி வாரியர்ஸ் ஆடியதில்லை, இரண்டையும் கலந்த ஹைரூல் வாரியர்ஸ் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் ஜெல்டாவில் வரும் குகைப் புதிர்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இது ஒரே ஆள் நூற்றுக்கணக்கான எதிரிகளை வெட்டிச் சாய்க்கும் ஆட்டம்.

2014இல் நின்டெண்டோவின் வீ யூ கேம் கருவிக்கு வந்தது. இதன் உயிரே பாத்திரங்கள்தான். ஒவ்வொருவர் சண்டை முறையும் வேறு. பழைய ஜெல்டா ஆட்டத்தில் பூச்சி சேகரித்த சிறுமி அகிதா, இங்கே குடையைச் சுழற்றிப் படையையே சிதறடிக்கிறாள். அந்த ஆட்டத்தை ஆடியவர்களுக்கு அதைப் பார்ப்பதே தனி சந்தோஷம். அப்புறம் அட்வென்ச்சர் மோட்: 1986ஆம் ஆண்டின் முதல் ஜெல்டா வரைபடம் அப்படியே விரிகிறது, கட்டத்துக்கு ஒரு சண்டை. நான் அதிக நேரம் கழித்தது அதில்தான்.

குறை? பெரிய அரக்கர்கள். டொடோங்கோ வாயைத் திறக்கும்வரை காத்திருந்து வெடிகுண்டை வீச வேண்டும். விழுந்ததும் அடிக்க வேண்டும். முதல் தடவை அருமை. பத்தாவது தடவை அலுப்பு, அதுவும் ஒரே போரில் இரண்டு வந்தால் கேமரா திணறுகிறது. நீங்கள் ஒரு மூலையில் இருக்கும்போது மறுமூலையில் கோட்டை விழப்போகிறது என்ற அறிவிப்பு வேறு ஓட வைக்கும்.

கதை சுமார்தான். நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவி இருந்தால் 2018இல் வந்த டெஃபினிடிவ் எடிஷன் என்ற முழுப் பதிப்பையே எடுங்கள். 29 பாத்திரங்கள் அதிலேயே இருக்கின்றன.