காரின் திரையில் மூன்று வாரமாக நிற்கும் கேள்வி

கேள்வி: ஐயா, எட்டு மாதங்களுக்கு முன் புதிய மின்சாரக் கார் ஒன்று வாங்கினோம். மூன்று வாரமாக அதன் திரை "புதிய மென்பொருள் தயார், நிறுவலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. மீள்சக்தி பிரேக் (வேகம் குறையும்போது பற்றரிக்கு மின்சாரம் திருப்பும் பிரேக்), பற்றரி முகாமை, வரைபடம் மூன்றிலும் மேம்பாடு என்று விவரம் காட்டுகிறது. கொழும்பில் வேலை செய்யும் மகன் உடனே போடச் சொல்கிறான். பழைய நிஸான் லீஃப் மின்சாரக் கார் வைத்திருக்கும் அண்ணனோ, "நன்றாக ஓடுகிற வண்டியில் எதற்குக் கை வைக்கிறாய்?" என்கிறார். புதுப்பித்த பிறகு ஓடும் தூரம் குறைந்துவிட்டதாக நுவரெலியாவில் ஒருவர் சொன்னாராம். எங்கள் வீட்டில் சிக்னலும் சரியில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை கணவரின் மருத்துவப் பரிசோதனைக்குக் கொழும்பு போக வேண்டும். அதற்கு முன் செய்வதா, விட்டுவிடுவதா? – கொட்டகலை வாசகி

பதில்: ஞாயிறு பயணம் இருப்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பு போய்த் திரும்பி வரும்வரை அந்தப் பொத்தானைத் தொட வேண்டாம். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அது கடைசியில் வருகிறது.

உங்கள் வீட்டு வாக்குவாதம் எனக்குப் புதிதல்ல. ஹட்டனில் என் கராஜுக்கு மின்சாரக் கார் கொண்டுவருகிறவர்களிலும் மகன் கட்சி, அண்ணன் கட்சி என்று இரண்டு உண்டு. மகன் கட்சிக்குக் கார் என்பது சக்கரம் வைத்த கைத்தொலைபேசி. அண்ணன் கட்சிக்கு அது அடக்கமாக ஓடும் பழைய லொறி. சத்தம் வரும்வரை மூடியைத் திறக்கக் கூடாது.

அண்ணனுக்கு முதலில் பதில் சொல்கிறேன். அவருடைய லீஃப் போன்ற பழைய கார்களுக்கு ஓட்டத்தையும் பற்றரியையும் ஆளும் மென்பொருள் இணையம் மூலம் காற்று வழியே வருவதில்லை. கராஜில் கணினியைக் கம்பியால் பொருத்தித்தான் மாற்ற வேண்டும். ஆகவே அவருடைய காரை வைத்து உங்கள் காரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதோடு, மென்பொருளை மாற்றியதால் நன்மை கண்ட காரும் லீஃப்தான். 30 கிலோவாட் மணி பற்றரி கொண்ட லீஃப்கள் சிலவற்றில், பற்றரி உண்மையில் தேய்ந்ததைவிட அதிகமாகத் தேய்ந்துவிட்டதாகத் திரை காட்டியது. கணக்குப் போடும் மென்பொருளில்தான் பிழை. 2018இல் நிஸான் அதற்குத் திருத்தம் கொடுத்தது. நல்ல பற்றரியைக் கெட்டது என்று நம்பிக் காரை மலிவாக விற்றவர்கள் இருந்திருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

உங்கள் நுவரெலியா நண்பரின் கதைக்குத் திறவுகோலும் இங்கேதான் இருக்கிறது. திரையில் தெரியும் கிலோமீற்றர் எண் அளந்து எடுத்த அளவு அன்று, ஊகம். நேற்று எப்படி ஓட்டினீர்கள், ஏறினீர்களா இறங்கினீர்களா, ஹீட்டர் போட்டீர்களா என்பதையெல்லாம் வைத்து அது போடப்படுகிறது. புதுப்பிப்புக்குப் பிறகு அந்தக் கணக்கு சில கார்களில் முதலிலிருந்து தொடங்கும். கொட்டகலையிலிருந்து நானுஓயா ஏறிவிட்டுப் பார்த்தால் எண் பயமுறுத்தும். கினிகத்தேனை இறங்கிவிட்டுப் பார்த்தால் லொத்தர் விழுந்ததுபோல் இருக்கும். இரண்டு வாரம் ஓட்டிய பிறகுதான் எதையும் முடிவு செய்யலாம்.

ஆனால் அவரைப் பொய் சொல்கிறார் என்று ஒதுக்கவும் மாட்டேன். 2019இல் டெஸ்லா, ஹொங்கொங்கிலும் சீனாவிலும் கார்கள் தீப்பிடித்த பிறகு, பழைய மொடல் எஸ் கார்கள் சிலவற்றுக்கு ஒரு புதுப்பிப்பு அனுப்பியது. காலையில் எழுந்து பார்த்தவர்களுக்கு, பற்றரி முன்புபோல் முழுமையாக ஏறவில்லை, தூரமும் குறைந்திருந்தது. அமெரிக்காவில் வழக்கு நடந்து, 2021இல் 1,743 கார்களுக்குத் தலா 625 டொலர் என்று சமரசம் ஆனது. இடையில் வந்த புதுப்பிப்புகள் பலருக்கு இழந்த தூரத்தைப் படிப்படியாகத் திருப்பித் தந்தன. தீயைத் தடுக்கக் கட்டுப்படுத்தியதை நான் குறை சொல்லவில்லை. சொல்லாமல் செய்ததுதான் தவறு. இன்று வரை புதுப்பிப்பைக் கண்டு முகம் சுளிக்கிறவர்களில் பாதிப்பேர் தொழில்நுட்பத்துக்குப் பயந்தவர்கள் அல்லர். கேட்காமல் தங்கள் வண்டிக்குள் ஒருவர் கை விடுவதை விரும்பாதவர்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

அதே நிறுவனம் 2018இல் மொடல் 3 காரின் பிரேக் தூரத்தை, ஒரு திருகைக்கூடத் தொடாமல், புதுப்பிப்பு ஒன்றினால் குறைத்தது. மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி எடுத்துக்கொண்ட கார், அதன் பிறகு 133 அடியில் நின்றது. ஒரு காரின் நீளத்துக்கும் மேலே மிச்சம். காரின் மோட்டார் வலுவையும் மென்பொருள் கட்டுப்படுத்தும் என்பதை, 2025இல் இறக்குமதிக் கார்களின் மோட்டார் வலுவைப் பற்றிச் சுங்கத்தில் எழுந்த "100 கிலோவாட்டா, 150 கிலோவாட்டா" தகராறுக்குப் பிறகு இலங்கையில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே புதுப்பிப்பு நல்லதா கெட்டதா என்று கேட்காதீர்கள். அது காரின் எந்த உறுப்பைத் தொடுகிறது என்று கேளுங்கள். வரைபடம், பாட்டு, திரையின் நிறம் போன்றவை திரைக் கணினியோடு நின்றுவிடும். அதில் பல கார்களில் மென்பொருளுக்கு இரண்டு அறைகள் உண்டு. புதியது இரண்டாவது அறையில் எழுதப்படும். சரியாக எழும்பாவிட்டால் கார் பழைய அறைக்கே திரும்பிவிடும். அப்படியிருந்தும் தவறுவது உண்டு. 2023 நவம்பரில் ரிவியன் என்ற அமெரிக்க மின்சாரக் கார் நிறுவனம் தவறான பாதுகாப்புச் சான்றிதழ் கொண்ட பதிப்பை அனுப்பிவிட்டது. போய்ச் சேர்ந்த கார்களில் திரைகள் செத்துப்போயின, கார் ஓடியது. நிறுவனம் விரைவிலேயே விநியோகத்தை நிறுத்தியதால் மற்றவர்கள் தப்பினார்கள். வந்த அன்றே போட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். இரண்டு மூன்று வாரம் பொறுத்தால் அதற்குள் பிழை யார் தலையிலாவது விடிந்திருக்கும். நீங்கள் தற்செயலாகவே அதைச் செய்துவிட்டீர்கள்.

பிரேக், பற்றரி, மோட்டார் ஆகியவற்றைத் தொடும் புதுப்பிப்பு வேறு விஷயம். அந்தச் சிறு கணினிகள் எல்லாவற்றுக்கும் இரண்டாவது அறை இருக்கும் என்று நம்ப வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அது பாதி எழுதிய கடிதம்போல் நின்றுவிடும். அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? அடியில் கிடக்கும் பெரிய பற்றரியிலிருந்து என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். பல கார்களில் நிறுவல் நேரத்தில் பெரிய பற்றரி துண்டிக்கப்பட்டிருக்கும். கணினிகளுக்குச் சோறு போடுவது, பெற்றோல் காரில் இருப்பதுபோன்ற அந்தச் சின்ன 12 வோல்ட் பற்றரி. மலைநாட்டுக் குளிரில் அதன் திறன் குறையும். குறுகிய ஓட்டங்களால் சரியாக ஏறாமலும் கிடக்கும்.

இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். பதுளையில் ஒரு கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு, எல்லாருக்கும் புத்தி சொல்லும் நான், என் சொந்தக் காரில் புதுப்பிப்பைத் தொடங்கிவிட்டுத் தூங்கப் போனேன். 12 வோல்ட் பற்றரிக்கு ஐந்து வயது. பாதியில் நின்றது. காலையில் கதவும் திறக்கவில்லை. விற்றவர்களைக் கூப்பிட்டால், திங்கட்கிழமை பேசுங்கள் என்று இசைத்தட்டு பாடியது. பட்டு வேட்டியோடு ரயிலில் பதுளை போய்ச் சேர்ந்தேன். தாலி கட்டி முடிந்திருந்தது.

எனவே முதலில் 12 வோல்ட் பற்றரியைப் பாருங்கள். அது ஈய அமில வகையானால், ஒரு இரவு ஓய்வுக்குப் பிறகு மல்டிமீற்றரில் 12.5 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், 12.2க்குக் கீழே இருந்தால் தள்ளிப்போடுங்கள். சில புதிய கார்களில் அதுவும் லிதியம் வகைதான்; அதற்கு இந்த எண் பொருந்தாது, முகவரிடம் கேளுங்கள். உங்கள் கார் எட்டு மாதமே ஆனது என்பதால் அதிகம் கவலைப்படத் தேவையில்லை. இரண்டு வாரம் நிறுத்தி வைத்த கார் என்றால் முதலில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வரவும்.

சிக்னல் பற்றிக் கேட்டீர்கள். பதிவிறக்கம் வேறு, நிறுவல் வேறு. பதிவிறக்கம் துண்டுதுண்டாக நடக்கலாம். சிக்னல் அறுந்தால் பொதுவாக விட்ட இடத்திலிருந்து தொடரும். முழுவதும் வந்து, தயாரிப்பாளரின் மின்முத்திரை சரிபார்க்கப்பட்ட பிறகுதான் நிறுவலாமா என்று கார் கேட்கும். உங்கள் திரை ஏற்கெனவே கேட்கிறது என்றால் பெரும்பாலும் பதிவிறக்கம் முடிந்துவிட்டது. முடியாவிட்டால் கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டைக் கொடுத்து, ஹட்டன் டவுனில் சாமான் வாங்கும் நேரத்தில் விட்டுவைக்கலாம். நிறுவலை மட்டும் வீட்டு முற்றத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2019 ஜனவரியில் பெய்ஜிங்கின் பிரதான வீதியில் நெரிசலில் நின்ற நியோ என்ற சீன மின்சாரக் கார் ஒன்றில், ஓட்டுநர் தவறுதலாக நிறுவலை ஏற்றுக்கொண்டார். கார் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நடுவீதியில் நின்றது, ஜன்னலைக்கூட இறக்க முடியவில்லை. இறம்பொடை வளைவில் அப்படி நின்றால் பின்னால் வரும் பஸ்காரர்கள் என்ன பாட்டுப் பாடுவார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

பலரும் இரவில் செய்யச் சொல்கிறார்கள். நான் பகலில் செய்யச் சொல்கிறேன். ஏதாவது ஆனால் முகவரின் தொலைபேசியை எடுக்க ஆள் இருப்பார். இரவு 10.30க்குப் பிறகு வரும் குறைந்த கட்டண நேரத்தில் சார்ஜ் செய்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: பல கார்களில் நிறுவும்போது சார்ஜ் நின்றுவிடும், சிலவற்றில் தானாகத் திரும்பத் தொடங்காது. மழை எச்சரிக்கை இருக்கும் நாளில் வேண்டவே வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது, மண்சரிவுக்குப் பயந்து இரவோடிரவாக வீட்டை விட்டுப் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்? அந்த நேரத்தில் கார் "இன்னும் 40 நிமிடம்" என்று காட்டிக்கொண்டு நிற்கக் கூடாது.

தொடங்குமுன் திரையில் உள்ள பதிப்பு எண்ணையும், உங்கள் அமைப்புகள் எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள். சில கார்களில் அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. சார்ஜ் மின்னோட்டத்தை முதலில் பாருங்கள். பழைய வீட்டு வயரிங்குக்காக 8 அம்பியருக்குக் குறைத்து வைத்திருந்ததை, கார் தன் விருப்பத்துக்கு உயர்த்திவிட்டால், இரவெல்லாம் அந்தப் பிளக் சூடாகும். கருகிய பிளக்குகள் என் மேசை லாச்சியில் ஒரு கைப்பிடி கிடக்கின்றன.

அடுத்தது மீள்சக்தி பிரேக். கொழும்புக்காரருக்கு அது வசதி, நமக்கு உயிர். 1,750 கிலோ எடையுள்ள கார், கொட்டகலை அளவான உயரத்திலிருந்து 1,200 மீற்றர் கீழே இறங்கும்போது ஏறத்தாழ 5.7 கிலோவாட் மணி சக்தியை விட வேண்டும். ஒரு பங்கு காற்றிலும் வீதியிலும் கரைந்துவிடும். மிச்சம் மோட்டார் வழியாகப் பற்றரிக்குப் போகிறது. பற்றரி நிறைந்திருந்தால் போக இடமில்லை; சுமை முழுவதும் பிரேக் கட்டைகளின் தலையில் விழும். இப்போது புதுப்பிப்பு ஒன்று வந்து, காலை எடுத்தவுடன் இழுக்கும் அந்த இழுப்பைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ வைத்தால், உங்கள் கால் எட்டு மாதம் பழகிய கணக்கு ஒரே நாளில் தப்பும். அது காரின் கோளாறு அன்று. ஆனால் கினிகத்தேனை வளைவில், மழையில், கணவரை மருத்துவரிடம் கூட்டிப்போகும் அவசரத்தில் அதைக் கண்டுபிடிக்கக் கூடாது. பயணத்துக்கு முன் வேண்டாம் என்று நான் சொன்னது இதற்காகத்தான்.

இனி அந்த விதிவிலக்கு. நாளைக் காலையிலேயே முகவரைக் கூப்பிட்டு, இது சாதாரண மேம்பாடா, பாதுகாப்பு மீளழைப்பா (ஆபத்தான குறையைத் திருத்தத் தயாரிப்பாளர் விடும் அழைப்பா) என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது. பதிப்பு எண்ணோடு வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நாளை உத்தரவாதத் தகராறு வந்தால் அந்தச் செய்திதான் சாட்சி. மீளழைப்பு என்றால் தள்ளிப்போடாதீர்கள். பயணத்துக்கு முன்பே முகவரின் ஆட்கள் கையால் செய்துகொள்ளுங்கள், அல்லது ஞாயிறு வாடகைக் காரில் போங்கள்.

மேம்பாடு மட்டும்தான் என்றால், கால் பழகிய பழைய பதிப்போடு கொழும்பு போய் வாருங்கள். கிளம்பும்போது பற்றரி 80 வீதத்தில் இருக்கட்டும், இறக்கத்தில் சேரும் சக்திக்கு இடம் இருக்கும். அடுத்த சனிக்கிழமை காலை, சார்ஜ் 50 வீதத்துக்குமேல் இருக்க, காரைச் சமதரையில் நிறுத்தி நிறுவுங்கள். முடிந்ததும் தனியாக ஹட்டன் வரை ஒரு தடவை மெதுவாக ஓட்டி, தெரிந்த இறக்கம் ஒன்றில் காலை எடுத்துப் பாருங்கள். மகன் பக்கத்தில் உட்கார ஆசைப்பட்டால் வரட்டும். அண்ணன் வந்தால் பின் சீற்றில் இருக்கட்டும்.