திறப்பைத் திருப்பும்போது வழுக்கும் பெருவிரல்

சைக்கிள் ஓடித் திரும்பினால் வலது கை விரல்கள் விறைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு வந்திருப்பது பாரிசவாதம் அல்ல. நீண்ட கடிதத்தில் அந்தச் சொல்லை ஒரே ஒரு முறைதான் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் "அம்மாவுக்கு 58 வயதில் வந்தது" என்று போகிற போக்கில். முழங்கால் வலி, சீற் உரசிய புண், செயின் கழல்வது என்று மற்றவற்றை அடுக்கியதெல்லாம் அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் என்று எனக்குப் படுகிறது.

பாரிசவாதம் திடீரென்று வரும். வாய் கோணும், பேச்சுக் குழறும், ஒரு பக்கத்துக் கையும் காலும் சோர்ந்து விழும். எவருக்கு அப்படி நேர்ந்தாலும், சில நிமிடங்களில் தானாகச் சரியாகிவிட்டாலும், 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழைத்து உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். உங்கள் கதை வேறு. நான்கு மாதமாக, ஞாயிறு காலையில் கீரிமலைக்குப் போய்த் திரும்பினால் வலது சின்னவிரலும் மோதிரவிரலின் ஒரு பாதியும் விறைக்கின்றன. புறங்கையில் விறைப்பு இல்லை. மோதிரவிரலின் நடுவே கோடு கிழித்ததுபோல் விறைப்பு நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கோடு ஒரு தனி நரம்பின் எல்லை. முழங்கையின் உட்புறம் கதவில் இடிபட்டால் கரண்ட் அடித்ததுபோல் சுள்ளென்று ஓடுமே, அதே நரம்புதான். மணிக்கட்டில், சின்னவிரல் பக்கத்து உள்ளங்கை மேட்டுக்கு அடியில், ஒரு குறுகிய வழியால் அது கைக்குள் நுழைகிறது. ஹாண்டிலில் நீங்கள் பாரத்தை ஊன்றுவதும் அதே மேட்டில்தான்.

கனடாவில் இருந்து மைத்துனர் கொண்டுவந்து விட்டுச் சென்ற பந்தயச் சைக்கிள் அவருடைய உயரத்துக்கு வாங்கியது. ஹாண்டில் உங்களுக்கு எட்டத்தில் இருக்கிறது. எட்டிப் பிடிக்க உடம்பு முன்னே சரிகிறது. பாரம் கைக்கு இறங்குகிறது. தொண்ணூறுகளில் எரிபொருள் இல்லாத காலத்தில் யாழ்ப்பாணமே சைக்கிளில் ஓடியது. மூட்டை, பிள்ளை, நோயாளி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மைல் கணக்கில் மிதித்தார்கள். அந்தச் சைக்கிளில் நிமிர்ந்து இருந்தார்கள், பாரம் சீற்றில் இருந்தது. இன்னொன்று, எங்கள் தெருக்களில் ஏற்றம் கிடையாது. மலைநாட்டில் ஓட்டுகிறவர் ஏற்றத்தில் எழுந்து மிதிப்பார், கை இடம் மாறும். இங்கே தட்டையான வீதியில், அதுவும் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றை எதிர்த்துப் பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் போகும்போது, ஒரு மணி நேரம் குனிந்தபடி ஒரே இடத்தில் கை கிடக்கும்.

விறைப்பு மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். கையை ஊன்றாமல் விட்டால் அநேகமாகச் சில நாட்களிலோ சில வாரங்களிலோ போய்விடும். ஆனால் கடிதத்தின் கடைசிக்கு முந்திய வரியில், "வீட்டுத் திறப்பைத் திருப்பும்போது பெருவிரல் வழுக்குகிறது, வயது போலிருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். 46 வயதில் அது வயதல்ல. அதே நரம்பின் ஆழமான கிளைதான் பெருவிரலைச் சுட்டுவிரலோடு சேர்த்து அழுத்தும் தசையை இயக்குகிறது. அந்தக் கிளை நசுங்கினால் அநேகமாக வலி இராது. வலிக்காததால் ஆட்கள் மாதக்கணக்கில் பொறுத்திருந்து, தசை வற்றிய பிறகு வருகிறார்கள்.

இப்போதே செய்து பாருங்கள். ஒரு கடதாசியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலின் பக்கத்துக்கும் இடையில், திறப்பைப் பிடிப்பதுபோல் பிடியுங்கள். மனைவியை இழுக்கச் சொல்லுங்கள். இடது கை கடதாசியை விடாமல் பிடிக்க, வலது பெருவிரலின் நுனி மட்டும் கொக்கிபோல் மடிந்தால், தசை பலம் இழந்திருக்கிறது. பிறகு இரண்டு கைகளையும் மேசையில் கவிழ்த்து வைத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உள்ள சதையை ஒப்பிட்டுப் பாருங்கள். வலதில் குழி விழுந்திருக்கிறதா? சின்னவிரல் மற்ற விரல்களோடு ஒட்டாமல் தள்ளி நிற்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் சைக்கிளை இன்றோடு நிறுத்துங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும், திறப்பு வழுக்குவதால் இந்த வாரமே கையைக் காட்டுங்கள். நரம்பில் மின்னோட்டம் போகும் வேகத்தை அளந்து, எந்த இடத்தில் நசுங்குகிறது என்று கண்டுபிடிக்கலாம்.

பாமசியில் வாங்கி மூன்று மாதமாக விழுங்கும் விற்றமின் பி மாத்திரையை நிறுத்துங்கள். நசுங்கிய நரம்பை எந்த விற்றமினும் விடுவிக்காது. அதைவிட, பி6 அளவுக்கு மிஞ்சி நீண்ட காலம் உள்ளே போனால் அதுவே நரம்பைக் கெடுத்து விறைப்பை உண்டாக்கும். முழங்காலுக்காக டைக்குளோபினாக் என்ற வலி மாத்திரை போடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பிரஷருக்கு மருந்து எடுப்பவர். வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடம்புக்கு அந்த மாத்திரையைக் கொடுத்தால் அடிபடுவது சிறுநீரகம். இணையத்தில் இரவு இரண்டு மணி வரை தேடியவர், மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளை ஒருமுறை விரித்துப் பார்த்திருக்கலாம். வெறும் வயிற்றில் சீனியும் சோதியுங்கள். நீரிழிவு இருந்தால் நரம்பு இலகுவில் நசுங்கும்.

முழங்காலின் முன்பக்கம் வலிப்பது சீற் பதிந்திருப்பதால். பெடல் அடியில் நிற்கும்போது குதிக்காலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீற்றை உயர்த்தும்போது ஹாண்டிலையும் உயர்த்தி, உங்கள் பக்கம் கிட்டக் கொண்டுவரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாரம் மறுபடியும் கைக்கே வரும். சீற்றின் மூக்கு கீழே சரிந்திருந்தால் மட்டப்படுத்துங்கள். ரயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் காற்றழுத்தம் அது தாங்கக்கூடிய உச்சம். அவ்வளவும் அடித்தால் வீதியின் ஒவ்வொரு கல்லும் உள்ளங்கையில் வந்து குத்தும். கை தேறி மீண்டும் ஏறும்போது மெத்தை வைத்த கையுறை போடுங்கள், சில நிமிடங்களுக்கு ஒருமுறை கையின் இடத்தை மாற்றுங்கள்.

புண்ணுக்கு வீடு வந்தவுடன் ஈரக் காற்சட்டையைக் கழற்றி, புண் உள்ள இடத்தைக் கழுவி உலர்த்தினால் போதும், பல மருந்துகள் கலந்த கிரீம் வேண்டாம். செயினைக் கடைக்காரர் பார்ப்பார்.

உங்கள் குடும்ப வைத்தியரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே உட்கார்ந்ததும் விறைப்பைச் சொல்ல வேண்டாம், திறப்பு வழுக்குவதை முதலில் சொல்லுங்கள்.