ஃபுக்கெட் பயணம்: முழுப் பணத்தையும் இப்போதே கட்டலாமா?

கேள்வி: மே விடுமுறையில் பிள்ளைகளோடு தாய்லாந்தின் ஃபுக்கெட் தீவுக்குப் போகலாம் என்றிருக்கிறோம். 2017-ல் போய்வந்த என் அண்ணன் சொல்லும் செலவுக்கும் டிராவல்ஸ்காரர் கணக்குக்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை. முழுப் பணத்தையும் இப்போதே கட்டினால் தள்ளுபடி உண்டாம். கட்டலாமா?

பதில்: வேண்டாம். விமான டிக்கெட்டை மட்டும் இப்போது எடுங்கள். ஓட்டல், ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் இருக்கட்டும். படகுச் சுற்றுலாவை அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம்.

அண்ணன் கணக்கு அவர் காலத்துக்குச் சரி. 2019-ல் தாய்லாந்துக்கு வந்த வெளிநாட்டவர் கிட்டத்தட்ட 4 கோடிப் பேர், அதில் 1.1 கோடி சீனர்கள். கொரோனாவில் எல்லைகள் மூடிய பிறகு, 2021-ல் வந்தவர்கள் சுமார் 4.28 லட்சம்தான். அந்த ஜூலையில் ஃபுக்கெட்டை மட்டும் 'சாண்ட்பாக்ஸ்' என்ற பெயரில் திறந்து பார்த்தார்கள். தடுப்பூசி போட்டிருந்தால் அறைக்குள் அடைபட வேண்டாம். ஆனால் தீவைத் தாண்டிப் போக 14 இரவு பொறுக்க வேண்டும். தாய் ஏர்வேஸே 2020-ல் கடன் மறுசீரமைப்புக்காக நீதிமன்றம் போய், விமானங்களையும் ஆட்களையும் குறைத்தது. உலகெங்கும் இதே கதைதான். பயணிகள் திரும்பிய வேகத்தில் சீட்டுகள் திரும்பவில்லை, கட்டணம் ஏறியது. எல்லாப் பழியையும் கொரோனா மேல் போடவும் முடியாது: 2017-ல் ஒரு பாட் (தாய்லாந்து நாணயம்) ஏறக்குறைய 2 ரூபாய், 2025-ல் இரண்டரையைத் தாண்டிவிட்டது.

நமக்குச் சாதகமானதும் ஒன்று நடந்தது. 2024-ல் மொத்த வரத்து 3.55 கோடிக்கு மீண்டாலும் சீனர்கள் 67 லட்சம் பேர்தான். மற்ற நாட்டவரை இழுக்கும் முயற்சியில், 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா விலக்கு கொடுத்தார்கள். அதன் நாள்கணக்கு 2024-லேயே ஒருமுறை மாறியது. அதனால் டிக்கெட் எடுக்கும் முன்பும், கிளம்பும் வாரத்திலும் தூதரகத் தளத்தைப் பாருங்கள். பக்கத்து சீட்டில் பேனா கடன் வாங்கி நிரப்பிய வருகை அட்டையும் போய்விட்டது. 2025 மே முதல் அது ஆன்லைனில். இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை.

அண்ணன் ஆல்பத்தில், ஃபுக்கெட்டிலிருந்து படகில் போகும் மாயா பே கடற்கரை மணலில் படகுகள் ஏறி நிற்கும் படம் இருந்தால், அதைப் பிள்ளைகளிடம் காட்டி ஆசை கிளப்பாதீர்கள். 2018-ல் மூடிய அந்தக் கடற்கரையை, கொரோனா ஓய்வும் சேர்ந்து, 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போது படகு பின்பக்கமாகத்தான் நிற்கும், நீந்தக் கூடாது. மே மாதம், ஃபுக்கெட் இருக்கும் அந்தமான் கடலில் மழை தொடங்கும் நேரம் வேறு. அலை எழும்பினால் படகே கிளம்பாது. முன்பணம் வேண்டாம் என்றது இதற்காகத்தான்.

பணம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் 2020-ல் பலரை வாட்டியது. ஊரடங்கில் ரத்தான விமான டிக்கெட்டுகளுக்குப் பணம் திரும்ப வேண்டும் என்று அந்த அக்டோபரில் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏஜென்ட் மூலம் எடுத்தவர்களுக்கு அது ஏஜென்ட் வழியாகத்தான் வர வேண்டும் என்றும் இருந்தது. ஓட்டல், படகு எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாக அவரிடமே கட்டிவிட்டால், பின்னர் ஒவ்வொன்றுக்கும் அவர் பின்னால்தான் அலைய வேண்டும். எந்தத் தேதிக்கு முன் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை அவரிடம் எழுத்தில் வாங்குங்கள்; வாட்ஸ்அப்பில் 'பார்த்துக்கலாம் சார்' என்பது போதாது. பயணக் காப்பீடு எடுங்கள், ஆனால் விலக்குப் பகுதியைப் படியுங்கள். பெரும்பாலான பாலிசிகள் அங்கே நோய்வாய்ப்பட்டால் சிகிச்சைக்குத் தரும். அரசு எல்லையை மூடியதால் பயணம் நின்றால் தராது.

தேதியை மாற்ற முடியாது, மழையும் ஆகாது என்றால் கோ சமுய் தீவையும் விசாரியுங்கள். அது தாய்லாந்து வளைகுடாப் பக்கம்; பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். பாங்காக்கிலிருந்து அங்கே போக விமானக் கட்டணம் சற்றுக் கூடுதல்.