ஓஎஸ்பிஎஃப் ஏரியா: லேப் தேர்வுக்குப் போகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

ஓஎஸ்பிஎஃப் என்பது ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழிகளை (ரூட்டுகளை) அறிவித்துக்கொள்ளும் முறை. நெட்வொர்க்கை ஏரியாக்களாகப் பிரிக்கும், ஏரியா 0 நடுவில் நிற்கும். கேட்பவர்களை அவர்களுடைய ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன். எல்லாக் கேள்விக்கும் ஒரே பயிற்சி வரைபடம்: கோலாலம்பூர் ஏரியா 0, பாயான் லெப்பாஸ் ஏரியா 10, பட்டர்வொர்த் ஏரியா 20. பாயான் லெப்பாஸுக்குப் பின்னால் ஏரியா 30, அது ஏரியா 0-ஐத் தொடவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ்: அண்ணே, ஏரியா 10-ஐ ஸ்டப் (வெளி ரூட்டுகளை உள்ளே விடாத ஏரியா) ஆக்கினேன். நெய்பர் (பக்கத்து ரவுட்டரோடு உள்ள தொடர்பு) விழுந்துவிட்டது. ஏன்?

கட்டளையை ஏபிஆரில் (ஏரியாக்களின் எல்லையில் நிற்கும் ரவுட்டர்) மட்டும் போட்டிருப்பீங்க, தம்பி. பக்கத்து ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ஹலோ பாக்கெட்டில் ஈ-பிட் என்று ஒன்று இருக்கிறது. ஸ்டப் ஏரியாவில் அது 0, சாதாரண ஏரியாவில் 1. இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்றால் ஹலோவையே தள்ளிவிடும். அதனால் 'ஏரியா 10 ஸ்டப்' அந்த ஏரியாவின் எல்லா ரவுட்டரிலும் வேண்டும். பிற ஏரியா ரூட்டுகளையும் நிறுத்தும் 'நோ-சம்மரி' ஏபிஆரில் மட்டும் போதும். அதற்குப் பிறகு உள் ரவுட்டரில் பிற ஏரியா ரூட்டுகள் மறைந்து, ஓ-ஐஏ குறியோடு 0.0.0.0/0 (டீஃபால்ட் ரூட்) ஒன்று மட்டும் நிற்க வேண்டும்.

பட்டர்வொர்த்: ஏரியா 20-இல் ஈஐஜிஆர்பியை (இன்னொரு ரூட்டிங் முறை) ரீடிஸ்ட்ரிபியூட் செய்ய (அதன் ரூட்டுகளை ஓஎஸ்பிஎஃப்-க்குள் கொண்டுவர) வேண்டும், ஆனால் டைப் 5 (வெளி ரூட் அறிவிப்பு) நுழையக்கூடாது என்கிறது கேள்வி.

என்எஸ்எஸ்ஏ, அதாவது தனக்குள்ளிருந்து வெளி ரூட்டை அறிவிக்க விடும் ஸ்டப் வகை. வெளி ரூட் உள்ளே டைப் 7-ஆகப் போகும், ஏபிஆர் அதை டைப் 5-ஆக மாற்றி ஏரியா 0-க்கு அனுப்பும். இரண்டு ஏபிஆர் இருந்தால் ரவுட்டர் ஐடி (ரவுட்டரின் அடையாள எண்) பெரியதே மாற்றும். பலர் மதிப்பெண் விடுவது இங்கேதான்: சாதாரண என்எஸ்எஸ்ஏ-வில் டீஃபால்ட் ரூட் தானாக வராது. ஏபிஆரில் 'டீஃபால்ட்-இன்ஃபர்மேஷன்-ஒரிஜினேட்' சேர்க்க வேண்டும். 'நோ-சம்மரி' போட்டிருந்தால் தானாக வரும்.

செந்தூல்: ஏரியா 30-க்கு விர்ச்சுவல் லிங்க் (இன்னொரு ஏரியா வழியே ஏரியா 0-ஐ எட்டும் இணைப்பு) ஏறவே மாட்டேங்குது.

ஏரியா 10 ஸ்டப் ஆகிவிட்டதே, அதன் வழியே விர்ச்சுவல் லிங்க் போகாது. என்எஸ்எஸ்ஏ-விலும் முடியாது. தேர்வுத் தாளில் முதல் கேள்வி ஸ்டப் கேட்கும், ஐந்தாவது கேள்வி ஏரியா 30-ஐ இணைக்கச் சொல்லும். தாளை முழுவதும் படித்துவிட்டுக் கை வையுங்க. இரண்டும் வேண்டுமென்றால் இரு ஏபிஆருக்கும் இடையே ஜிஆர்இ டன்னல் (பாக்கெட்டைப் பொதிந்து அனுப்பும் இணைப்பு) போட்டு, டன்னலை ஏரியா 0-இல் சேருங்க. டன்னலின் முனை முகவரிகள் ஏரியா 10-க்குள்ளேயே இருக்கட்டும். அவை டன்னல் வழியாகவே கற்கப்பட்டால் டன்னல் ஏறி ஏறி விழும்.

ஸ்டப் இல்லாத ஏரியாவிலும் ஏறவில்லையா? கட்டளையில் எதிர்ப்பக்கத்தின் இன்டர்ஃபேஸ் முகவரியைக் கொடுத்திருப்பீங்க. வேண்டியது ரவுட்டர் ஐடி. அதைக் கையாலேயே அமைத்துவிடுங்க. ஏரியா 0-இல் ஆதென்டிகேஷன் (அடையாளச் சரிபார்ப்பு) இருந்தால் விர்ச்சுவல் லிங்குக்கும் அது வேண்டும், ஏனென்றால் அதுவும் ஏரியா 0-தான்.

ஜார்ஜ் டவுன்: நெய்பர் எக்ஸ்ஸ்டார்ட்டிலேயே (தரவுப் பரிமாற்றம் தொடங்கும் நிலை) நிற்கிறது, அண்ணே.

முதலில் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, பைட்டில்) பாருங்க. ஒரு பக்கம் 1500, மறுபக்கம் 1400 என்று இருக்கும். சமமாக்குங்க. எம்டியூவைத் தொடாதே என்று தாள் சொன்னால் மட்டும் 'எம்டியூ-இக்னோர்'.

பிரிக்ஃபீல்ட்ஸ்: 10.1.16.0 முதல் 10.1.31.0 வரை 16 நெட்வொர்க்கைச் சுருக்க?

ஏபிஆரில் 'ஏரியா 10 ரேஞ்ச் 10.1.16.0 255.255.240.0'. இங்கே சப்நெட் மாஸ்க். 'நெட்வொர்க்' கட்டளையில்தான் 0.0.15.255 (வைல்ட்கார்டு மாஸ்க்).