பள்ளியில் இரைப்பு வந்தால்?

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு ஆஸ்துமா. பள்ளியில் நர்ஸ் இருக்கிறார். அவரிடம் என்ன கொடுத்து வைக்க வேண்டும்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: சால்பியூட்டமால் (மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து) இன்ஹேலர், ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் பிளாஸ்டிக் குழாய்), டாக்டர் எழுதித் தந்த சீட்டு. எத்தனை பஃப் (அதாவது எத்தனை முறை அழுத்துவது), எப்போது உங்களை அழைப்பது என்பதெல்லாம் சீட்டில் தெளிவாக இருக்கட்டும்.

இரைப்பு வந்தால் நர்ஸ் குழந்தையை நிமிர்த்தி உட்கார வைப்பார். படுக்க வைத்தால் இன்னும் திணறும். இன்ஹேலரைக் குலுக்கி ஒரு முறை அழுத்தி, ஸ்பேசர் வழியே ஐந்தாறு முறை மூச்சை இழுத்துவிடச் சொல்வார். அடுத்த பஃப் அரை நிமிடம் கழித்துத்தான். அவசரத்தில் இரண்டு மூன்றைச் சேர்த்து அழுத்தினால் மருந்து ஸ்பேசர் சுவரிலேயே படிந்துவிடும், நுரையீரலுக்குப் போவது குறையும். ஸ்பேசரைத் துணியால் துடைத்தாலும் அதே கதிதான். பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்தை இழுத்துக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் கழுவி, தானாக உலர விடுங்கள்.

பேச்சு பாதியில் நின்றால், விலா இடுக்கில் சதை உள்வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால் உடனே 108. வண்டி வரும்வரை மருந்தை நிறுத்தக்கூடாது.

தயவுசெய்து ஒன்றை நேரில் போய் உறுதிசெய்யுங்கள்: இன்ஹேலர் பூட்டிய அலமாரியில் இருக்கக்கூடாது. நர்ஸ் விடுப்பில் இருக்கும் நாளில் சாவியைத் தேட நேரமிருக்காது. வகுப்பாசிரியருக்கும் விளையாட்டு ஆசிரியருக்கும் அது இருக்குமிடம் தெரிய வேண்டும்.