சோல் பிய்ந்த ஷூவும் காஷ்மீர் ஏரிகளும்

கேள்வி: ஆகஸ்டில் காஷ்மீர் கிரேட் லேக்ஸ் பாதையில் ஓடப் போகிறோம். அதற்காக ஆன்லைனில் 'வாட்டர்ப்ரூஃப்' டிரெயில் ரன்னிங் ஷூ வாங்கினேன். துரஹள்ளி காட்டில் நாலைந்து முறை ஓடியதற்கே முன்பக்க சோல் பிரிந்துவிட்டது. ஏழு நாள் ரிட்டர்ன் காலம் முடிந்தது என்று டெல்லி விற்பனையாளர் கைவிரிக்கிறார். பணம் வருமா? அடுத்ததும் வாட்டர்ப்ரூஃபே வாங்கலாமா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: அந்த ஏழு நாள், சைஸ் சேரவில்லை, நிறம் பிடிக்கவில்லை என்பவர்களுக்கு. பழுதான பொருள் வேறு விஷயம். பழுதானதையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததையோ திரும்பப் பெறவும் பணம் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்.

ஆனால் பிரிந்தது பசையா, தேய்ந்தது ரப்பரா? முதலில் அதைப் பாருங்கள். பசை விட்டிருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. இதே ஷூவோடு கப்பன் பார்க் தார்ச்சாலையிலும் தினமும் ஓடியிருந்து, அடியில் உள்ள பற்கள் மழுங்கியிருந்தால் அது தேய்மானம், வாதம் நிற்காது. ஈர ஷூவை ஹேர் டிரையரில் காயவைத்தீர்களா என்றும் கேட்பார்கள். பசைக்குச் சூடு ஆகாது.

சோலைப் படம் எடுத்து, பில்லோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் பேசியது நாளை கணக்கில் வராது. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் பெங்களூரு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் அங்கே அலைய வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டு அவகாசமும் உண்டு.

அடுத்த ஜோடி வாட்டர்ப்ரூஃப் வேண்டாம் என்பேன். சோனமர்க்கிலிருந்து நாரநாக் வரையிலான அந்தப் பாதையில் ஓடைகளைக் காலை நனைத்துத்தான் கடக்க வேண்டிவரும். தண்ணீர் துணி வழியாக வருவதில்லை, கணுக்கால் பக்கம் மேலிருந்து இறங்குகிறது. உள்ளே வந்ததை வாட்டர்ப்ரூஃப் உறை வெளியே விடாது; குடத்தில் கால் விட்ட கதைதான். சாதாரண வலைத்துணி ஷூ, ஓட ஓட வடிந்துவிடும். கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி போதும். பனி கிடக்கும் ஜூலைத் தொடக்கத்தில் போவதாக இருந்தால் நானே வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

பற்கள் 4, 5 மில்லிமீட்டராவது இருக்கட்டும். கட்டைவிரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் விடுங்கள், இறக்கத்தில் நகம் தப்பும். கடைக்கு மாலையில் போய், அந்தக் கம்பளி சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குவதே மேல். சலுகை விலையைவிட அது முக்கியம்.

நீங்கள் கேட்காத ஒன்று. ஏழு நாள் நடையை மூன்று நாளில் ஓடி முடிக்கலாம் என்று ஏற்பாட்டாளர் யாராவது பேக்கேஜ் விற்றால் யோசியுங்கள். நாம் சுமார் 900 மீட்டரில் வாழ்கிறோம். விஷன்சர், கிருஷன்சர் ஏரிகளைத் தாண்டி வரும் கட்சர் கணவாய் 4,100 மீட்டருக்கு மேல். கால் வேகமானது என்பதால் நுரையீரல் அவ்வளவு சீக்கிரம் பழகாது. 3,000 மீட்டருக்கு மேலே, இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்குள் ஏற்றுவதுதான் மருத்துவர்கள் சொல்லும் அளவு. பயணக் காப்பீட்டிலும் உயர வரம்பு வைத்திருப்பார்கள். எத்தனை மீட்டர் வரை, மீட்புச் செலவு சேருமா என்று கேட்டு, முன்பணம் கட்டும் முன்பே பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.